ஜொஹறா ராத்தாவின் மூன்று போத்தல்கள்

கப்சூலின் ஒரு தலையை இடக்கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் இடுக்கி, மறு தலையை வலக்கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கிறார் ஜொஹறா ராத்தா. வழுக்குகிறது. மறுபடி இடுக்குகிறார். இந்த முறை அது துள்ளிப் பாயில் விழ, முற்றத்துக் கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறது. “ச்சூ! உனக்கில்ல, அங்கால போ!” நாலாம் தரம் இழுத்தபோது கப்சூல் இரண்டாகப் பிரிகிறது. உள்ளே இருந்த வெள்ளைத் தூள் வெறும்தேத்தண்ணிக்குள் விழுகிறது. கரண்டியால் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “நெருப்புக்குச்சியைக் கரைச்சுக் குடிச்ச மாதிரிக் கிடக்கு” என்கிறார். வெறும் தோலை வேலிக்கு வெளியே எறிகிறார்.

பல்லால் கடித்து இழுத்தால் ஒரு நொடி வேலை. ஆனால் அந்தத் தோல் வாயில் படக்கூடாது. அது எந்த மிருகத்தின் எலும்பில் செய்ததோ தெரியாது, பன்றியாகவும் இருக்கலாம் என்று பள்ளிவாசல் மௌலவி சொல்லியிருக்கிறார். தூளுக்குத் தடையில்லை, தோல்தான் சந்தேகமாம். கத்தரிக்கோலால் வெட்டினால் என்ன என்று நான் கேட்டேன். “வெட்டினா அரைவாசி நிலத்துக்குப் போகும் மாஸ்டர். மகன் அனுப்பினது, வீணாக்கலாமோ?” ஆகவே விரல் மடங்காத வருத்தத்துக்கு மருந்து குடிப்பதற்காக, காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் மடங்காத அதே விரல்களை இப்படி வதைக்கிறார்.

போத்தலின் கதை இதைவிட மோசம். மூடியைச் சும்மா திருகினால் அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றுமே தவிர, கழலாது. உள்ளங்கையால் கீழே அமர்த்தி, அமர்த்தின கை அசையாமல் திருப்ப வேண்டும். சிறுபிள்ளைகள் திறந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்ததாம். மூட்டு நோகிறவர்களுக்கென்று மருந்து செய்து, மூட்டு நோகாதவன் மட்டும் திறக்கக்கூடிய மூடியைப் போட்ட அந்த மேதாவியை ஒரு நாள் ராத்தாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த எனக்கு ஆசை. முதல் போத்தலை நான்தான் திறந்து கொடுத்தேன். அதன் பிறகு அவர் மூடியைப் போடவே இல்லை. போத்தலின் வாயில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டார். “உங்களைத் தேடி ஒவ்வொரு நாளும் ஓடி வரேலுமோ?”

ராத்தா என்றால் அக்கா, ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். அவருக்கு அறுபத்தொரு வயது. முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊரில், ஒழுங்கையின் கடைசியில், பாதிச் சுவரும் முழுத் தகரமுமாக நிற்கும் வீட்டில் தனியே இருக்கிறார். இரண்டு வேலி தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் நான் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, “எழுதுங்கோ, ஆனா என்னை அழுகிற பொம்பிளையா எழுதாதேங்கோ” என்றார். அந்த நிபந்தனையை மீற வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

அவருடைய தொழில் இடியப்பம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டினால், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் முந்நூறு இடியப்பம் அவிந்து இறங்கும். சந்தியிலுள்ள இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கும் அதுதான் காலைச் சாப்பாடு. எனக்கும் அதுதான். இடியப்பம் புழியும் உரல் மரத்தாலானது. மேல்கட்டையில் இரண்டு பக்கமும் கைபிடி, கீழ்க்கட்டையில் இரண்டு பக்கமும் கைபிடி. மேலதையும் கீழதையும் சேர்த்துப் பொத்தி அழுத்தினால்தான் மா நூலாக இறங்கும். பத்து விரலும் மடங்க வேண்டும். ராத்தாவின் விரல்கள் மடங்குவதில்லை. நடுக்கணுக்கள் இஞ்சிக்கிழங்கு போல வீங்கி, நுனிகள் ஆளுக்கொரு திசை பார்க்கின்றன. உள்ளங்கையாலும் மணிக்கட்டாலும் உடம்பின் பாரத்தாலும்தான் புழிகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தரம் “யா அல்லா” என்பார். அது தொழுகையில் சொல்லும் குரல் அல்ல, சண்டை பிடிக்கிற குரல்.

விரல்கள் போனது இந்த ஊரில் அல்ல. 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, ராத்தாவும் போனார். போகச் சொன்னது யார் என்று இந்தப் பத்திரிகையில் நான் எழுதத் தேவையில்லை. வாசிப்பவர்களுக்குத் தெரியும், வாசிக்காதவர்களுக்கும் தெரியும். அன்றைக்கு உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். நகையையும் காணி உறுதியையும் விட்டுவிட்டு, மூன்று வயதுப் பேத்தி றினோஸாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். “அந்த வீட்டால நான் கொண்டு போன சாமான் அவ ஒருத்திதான்” என்பார். கணவர் மீராசாகிபு, மகன் றிஸ்கான், மருமகள் ஸஹீலா எல்லோரும் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்குள் போய் ஒதுங்கினார்கள். மீராசாகிபு அங்கேயே மண்ணுக்குள் போனார்.

புத்தளத்தில் ராத்தாவுக்குக் கிடைத்த வேலை இறால் உரிப்பது. ஊரவர்கள் கொம்பனி என்று சொல்லும் ஒரு நீளக் கொட்டகை. ஐஸ் கட்டி போட்ட தொட்டிக்கு முன்னால் அகதிப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கையுறை கிடையாது. தலையைக் கிள்ளி, கோதை உரித்து, நரம்பை இழுத்துச் சதையை ஒரு தட்டில் போட வேண்டும். கோது வாளிக்குள். விறைத்துப்போன கையில் கோதின் முள் ஏறினாலும் தெரியாது, வீட்டுக்குப் போய்ச் சூடு பட்டபிறகுதான் தெரியும். நின்று செய்ய வேண்டும், பேசக்கூடாது. பன்னிரண்டு வருடம் அப்படி நின்றார். நிறைந்த வாளிகளை லொறியில் ஏற்றுகிறவனிடம், இவ்வளவு கோதையும் எங்கே கொண்டு போகிறாய் என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார். கோழித் தீனுக்கு என்று சொன்னானாம்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, சனம் போகவும் வரவும் தொடங்கிய பிறகு, போன வருடம் அவர் தனியே திரும்பி வந்தார். மகனுக்கு விருப்பமில்லை. இப்போது கட்டாரில் லொறி ஓட்டும் றிஸ்கானுக்கு இந்த ஊர் ஒரு பழைய காயம், அவ்வளவுதான். கொட்டில் இருந்த இடத்தில் புத்தளத்தில் கல்வீடு கட்டிவிட்டார், தாய் அங்கே வந்து சும்மா இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ராத்தாவின் பிடிவாதம் அதைவிடப் பெரியது. “ஒருக்காப் போ எண்டாங்கள், போனனான். இனி ஆர் சொன்னாலும் போகமாட்டன்.” ஆனால் கை இல்லாவிட்டால் இடியப்பம் இல்லை, இடியப்பம் இல்லாவிட்டால் இங்கே இருக்க வழியில்லை. மகன் அனுப்பும் காசில் இங்கே இருந்தால் அது மகன் வைத்திருக்கிற இருப்பு, அவர் இருக்கிற இருப்பல்ல. அப்படித்தான் அவர் சொல்வார்.

போன மாசி மாதம் தாயும் மகனும் தொலைபேசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மகன் மூன்று போத்தல் அனுப்புவார். மாதத்துக்கு ஒன்று. மூன்று மாதம் முடிய, லீவில் வந்து தாயின் கையைப் பார்ப்பார். விரல் மடங்கிக் கை பொத்தினால் தாய் இங்கேயே இருக்கலாம். பொத்தாவிட்டால் புத்தளத்துக்கு. சித்திரையில் புத்தளத்திலிருந்து வந்த ஒருவர் கையில் மூன்று போத்தலும் வந்து சேர்ந்தன.

குளுக்கோசமின் சல்பேட் என்று போத்தலில் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழ், கந்தகம் சேர்ந்த இன்னொரு சரக்கின் பெயர். தேய்ந்த மூட்டைக் கந்தகம் திருத்தும், வீக்கத்தை வற்றவைக்கும் என்று ஒரு பக்கம் முழுவதும் வாக்குறுதி. சில வருடங்களுக்கு முந்தி, சண்டைக் காலத்தில், கந்தகம் என்று சொன்னாலே வெடிமருந்துக்கு என்று சோதனைச்சாவடியில் ஆளையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். இப்போது அதுவே மருந்தென்று வருகிறது. வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பந்து விளையாடும் படமும் இருந்தது. “இவவுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டார் ராத்தா.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு அவர் தன்னைச் சோதிப்பார். உள்ளங்கையில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்து விரல்களை மடக்கி, கையைக் கவிழ்ப்பார். பாக்கு விழாவிட்டால் கை பொத்துகிறது என்று அர்த்தம். முதல் வெள்ளி விழுந்தது. இரண்டாம் வெள்ளியும் விழுந்தது. ஐந்தாம் வெள்ளி பாக்கு சற்றுத் தயங்கி விழுந்ததாக அவர் சொன்னார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தயங்கியதாக எனக்குத் தெரியவில்லை. “கொஞ்சம் சுகம் மாதிரித்தான் கிடக்கு மாஸ்டர். இல்லாட்டி எனக்கு அப்பிடி வேணும்போல கிடக்கோ தெரியா.” தன்னையே ஏமாற்றத் தெரியாத மனிசி. இரண்டாம் போத்தல் அரைவாசிக்கு இறங்கியபோது அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

அன்று இடியப்பம் வாங்கப் போன என்னிடம் போத்தலை நீட்டினார். “நாளுக்கு ரெண்டு எண்டு மகன் சொன்னவன். நாலாப் போட்டா கெதியாக் கேக்குமோ? ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. நாள் கிட்டுது.”

வாசித்தேன். “இரண்டுதான் ராத்தா. கூட்ட வேண்டாம் என்று போட்டிருக்கு” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். வாத்தியார் வாய், கண்ட வரியை எல்லாம் படித்துப் பொருள் சொல்லிப் பழகிவிட்டது. “கீழே ஓர் எச்சரிக்கையும் இருக்கு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப் பாவிக்கக்கூடாதாம். அவற்றின் கோதிலிருந்துதான் செய்ததாம்.”

“என்னத்தின்ர கோது?”

“இறால். நண்டு.”

“சதையோ, கோதோ?”

“கோது.”

“வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

இன்னொரு தரம் பார்த்துச் சொன்னேன். அடுப்பில் தட்டு ஆவி கக்கிக்கொண்டிருந்தது. அதை இறக்க வேண்டும் என்ற நினைவுகூட அவருக்கு இல்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

“பன்ரண்டு வருசம் மாஸ்டர்” என்று தொடங்கினார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. “ஐஸுக்குள்ள விட்டு விட்டு உரிச்ச கை இது. வாளி வாளியா அள்ளிக் குடுத்தனான். கோழித் தீனுக்கு எண்டானே, நாசமறுவான்! என்ர விரலைத் திண்ட கோதை இடிச்சுத் தூளாக்கி, எனக்கே குடிக்கக் குடுத்திருக்கிறாங்கள். நானும் தோல் ஹராமோ, தூள் ஹலாலோ எண்டு பாத்துப் பாத்துக் குடிச்சிருக்கிறன்!”

சமாதானம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சில நேரங்களில் நானும் ஒரு மடையன்தான். “அது வேற நாட்டிலே செய்தது ராத்தா. புத்தளத்துக் கோதாக இருக்காது” என்றேன்.

“எந்த நாட்டுக் கோதெண்டா என்ன? தானாக் கழண்டு போய்ப் போத்தலுக்க ஏறினதோ? ஆரோ ஒருத்தி நிண்டு உரிச்சவள்தானே! அவளின்ர கை இப்ப எப்பிடிக் கிடக்கோ, அவளுக்கு ஆர் போத்தல் அனுப்புறாங்களோ!”

அந்தத் தூள் மூட்டுக்கு உண்மையில் நன்மை செய்யுமா என்பதே பெரிய கேள்விக்குறி, டொக்டர்மாரே ஒரு பேச்சில் நிற்கவில்லை. அது வேறு கதை. ஒரு மனிசியின் கையைக் கெடுக்கிற தொழிலும், கெட்ட கைக்கு நம்பிக்கை விற்கிற தொழிலும் ஒரே வாளிக்குள் கையை விட்டு அள்ளிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிலும் அவளுக்குக் கையுறை கொடுக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. இதைக் கண்டும் ஆத்திரம் வராதவன் இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அப்பால் போகலாம்.

ராத்தா எழுந்து போத்தலை முற்றத்தில் கவிழ்த்தார். “கோழித் தீன் எண்டுதானே சொன்னவங்கள், தின்னட்டும்.” கோழி ஓடி வந்தது. ஒன்றைக் கொத்தியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, விட்டுவிட்டுப் போய் எருக்கும்பியைக் கிளறத் தொடங்கியது.

அடுத்த நாள் விடியப் போனபோது நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன். வெறும் போத்தல்கள் இரண்டின் அடிப்பாகத்தையும் அடுப்பில் காய்ச்சிய கம்பியால் சுட்டுக் கழற்றியிருந்தார். உரலின் மேல்கட்டைக் கைபிடிகள் இரண்டிலும் அவற்றைக் கொழுவி, ஆட்டம் இல்லாமல் பழைய சேலைத் துணியை உள்ளே அடைத்திருந்தார். மெல்லிய கைபிடி இப்போது கையளவு தடிப்பாக, உருண்டையாக இருந்தது. அதைப் பொத்தத் தேவையில்லை, கீழ்க் கைபிடிகளைக் கல்லில் தாங்கவிட்டு, உள்ளங்கையை மேலே வைத்து அமர்த்தினால் போதும். தட்டுக்கு ஒரு “யா அல்லா” கேட்ட இடத்தில் அன்று பத்துத் தட்டுக்கு ஒன்றுதான் கேட்டது. ஒன்றரை மாதமாக மருந்து செய்யாததை வெறும் போத்தல் ஒரே இரவில் செய்துவிட்டது. “இதாவது பிரயோசனப்பட்டுது” என்றார் ராத்தா. படத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி அவருடைய உள்ளங்கைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் போத்தல் முத்திரை உடையாமல் அலுமாரிக்குள் இருந்தது.

ஆனி மாதக் கடைசியில், சொன்னபடி, றிஸ்கான் வந்தார். நாற்பதைத் தொடும் வயது, நல்ல மனிதர், முகத்தில் பயணக் களைப்பு. இடியப்பத்துக்குக் காத்திருந்த நான் எழும்பப் போனேன். “இருங்கோ மாஸ்டர், சாட்சிக்கு ஒராள் வேணும்” என்று ராத்தா என்னை மறித்துவிட்டார். வான் பத்து மணிக்குத் திரும்பும் என்றும், தாயின் உடுப்பை மட்டும் எடுத்தால் போதும் என்றும் மகன் சொன்னார். கதிரையில் இருந்தபடி, “எங்க உம்மா, கையைப் பொத்திக் காட்டுங்கோ பாப்பம்” என்றார்.

ராத்தா கையைக் காட்டவில்லை. உரலை எடுத்து மாவைத் திணித்து, புழியத் தொடங்கினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, ஐந்து தட்டு.

“கை பொத்துதோ இல்லையோ உம்மா?”

“பொத்தேல்ல. பொத்தாமலே புழியிறன். கண் தெரியுதுதானே உனக்கு?”

றிஸ்கானுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சலிப்பும் வந்தது. “இதென்ன உம்மா பிடிவாதம்? அங்க உங்களுக்கு என்ன குறை? நான் உழைக்கிறன். ஸஹீலாவும் சும்மா இருக்கேல்ல. இப்ப றினோஸாவும் தாயோட கொம்பனிக்குப் போறாள். நீங்க ஒரு வேலையும் செய்யாம மகாராணி மாதிரி இருக்கலாம்.”

உரல் நின்றது.

“எந்தக் கொம்பனிக்கு?”

“நீங்க நிண்ட அதே கொம்பனிதான். பழைய ஆக்கள்தான் இன்னும் நடத்தினம். ஜொஹறாவின்ர பேத்தி எண்டதும் ஒண்டும் கேக்காம எடுத்துப்போட்டினம்.” அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

“கைக்கு உறை குடுக்கிறாங்களோ?”

“அதொண்டும் இல்ல உம்மா. உறை போட்டா வேகமா உரிக்கேலாதாமே. கலியாணம் சரிவரும் மட்டும்தானே போவாள்.”

ராத்தா எழுந்து உள்ளே போனார். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் போத்தலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வந்து, தரையிலிருந்த மகனின் பயணப்பைக்கு முன்னால் குந்தினார். போத்தலைப் பைக்குள் வைத்தார்.

“இது றினோஸாவுக்கு. இப்பவே குடிக்கத் துடங்கச் சொல்லு.”

“உம்மா…”

“வானுக்கு நேரமாகுது. நீ வெளிக்கிடு மகன்.”

பையின் சிப்பை இழுத்துப் பூட்டப் பார்த்தார். சிப்பின் நுனி சின்னது, விரல்களுக்குள் நிற்கவில்லை. வழுக்கியது. மறுபடி இடுக்கினார். றிஸ்கான் குனிந்து கையை நீட்ட, அந்தக் கையைப் படீரென்று தட்டிவிட்டார். இரண்டு விரல்களுக்கு நடுவில் சிப்பை இடுக்கி, மூச்சை அடக்கி, ஒரு பல், இரண்டு பல்லாக, கடைசிப் பல் வரைக்கும் அவரே இழுத்துப் பூட்டினார்.